பிள்ளை பெற்றவள் ஏன் அழுகிறாள்?

பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டது. குழந்தை மூன்று கிலோ. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அப்பத்தா சாயல் என்கிறார்கள். பால் சுரக்கிறது. மாப்பிள்ளை வந்து வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்த பெண் அழுகிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "வளைகாப்பு அன்னிக்குக்கூட அம்புட்டுச் சிரிப்பாச் சிரிச்சா, இப்ப என்ன வந்துச்சுன்னு தெரியலையே" என்று அம்மா விழிக்கிறார். கண்பட்டிருக்கும் என்று அம்மாச்சி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். அடுத்த தெருவிலிருந்து ஒரு கோடாங்கியின் பெயரும் வந்து சேர்கிறது.

கூடலூர் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரை எந்த ஊரில் விசாரித்தாலும் இப்படி ஒரு பெண்ணைத் தெரிந்தவர் இருப்பார். எல்லாருக்கும் புரியாதது ஒன்றுதான். இழவு விழுந்த வீட்டில் அழுதால் அர்த்தம் உண்டு. இங்கே வீட்டுக்கு ஒரு உயிர் கூடியிருக்கிறது. எதைப் பறிகொடுத்துவிட்டு இவள் அழுகிறாள்?

அவள் உடம்பு ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

நஞ்சுக்கொடி போன பிறகு

ஓர் உறுப்பில் சுரந்து, ரத்தத்தோடு ஓடி, இன்னோர் உறுப்புக்குச் சேதி சொல்லும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்கள் பெண்ணின் ரத்தத்தில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகின்றன. மற்ற நாட்களில் இவற்றைச் சுரப்பது சினைப்பை. கர்ப்பம் வளர வளர அந்த வேலையை நஞ்சுக்கொடி எடுத்துக்கொள்கிறது. குழந்தைக்குப் பின்னாலேயே அதுவும் வெளியே வந்துவிடுவதால், சுரந்துகொண்டிருந்த இடமே இல்லாமல் போகிறது. ஒன்பது மாதம் ஏறியது சில நாட்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இந்த இறக்கம் மூளைக்கும் எட்டுகிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து நம் உடம்பு இன்னொரு பொருளைத் தயாரித்துக்கொள்கிறது. அல்லோபிரெக்னனோலோன் என்ற அதன் பெயர் வாயில் நுழையாது. அமைதிப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். மூளை நரம்புகளின் படபடப்பை அடக்கும் அமைப்புக்கு அது கைகொடுக்கிறது. கர்ப்பம் முழுக்கத் தாராளமாகக் கிடைத்த அமைதிப்பொருள் திடீரென்று குறையும்போது, குறைந்த அளவுக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லாத் தாய்க்கும்தான் ஹார்மோன் இறங்குகிறது. எல்லாரும் ஏன் நோயில் விழுவதில்லை? அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை இதற்குப் பதில் தேடியது. கர்ப்பமாக இல்லாத 16 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் முந்தைய பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வால் அவதிப்பட்டவர்கள். மற்ற எட்டுப் பேருக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. எல்லாருக்கும் மருந்து கொடுத்து, கர்ப்பிணியின் உடம்பில் இருப்பதுபோல் ஹார்மோன்களை ஏற்றினார்கள். பிறகு, எப்போது நிறுத்துகிறோம் என்று தெரியப்படுத்தாமல் நிறுத்தினார்கள். முன்பு சோர்வு வந்திருந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மனம் மறுபடி சரிந்தது. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஐந்து பேரிடம் கைக்குழந்தை இல்லை. ராத்திரி விழிப்பு இல்லை. குறை சொல்ல மாமியாரும் பக்கத்தில் இல்லை. ஹார்மோன் மட்டும்தான் இறங்கியது. போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், கொண்டை ஊசி வளைவு பத்துப் பேருக்கும் ஒன்றுதான். வாந்தி எடுப்பவர் இரண்டு பேர். அவர்களிடம் போய், "மனசைத் திடமா வச்சுக்க, வாந்தி வராது" என்று யாரும் சொல்வதில்லை.

ஐந்தாம் நாள், ஐந்தாம் வாரம்

அழுகிற தாய்மார்கள் எல்லாரும் நோயாளிகள் அல்ல. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் கண் கலங்குவதும், எரிந்து விழுவதும், அடுத்த நிமிஷமே சிரிப்பதும் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு நடக்கிறது. நான்காம் ஐந்தாம் நாளில் அது உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

இரண்டு வாரம் கடந்தும் தணியவில்லை என்றாலோ, ஒரு மாதம் நன்றாக இருந்துவிட்டு அதற்குப் பிறகு தொடங்கினாலோ, அது வேறு. மருத்துவர்கள் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்கிறார்கள். நாம் சுருக்கமாகப் பேறுகாலச் சோர்வு என்போம். இதில் அழுகை இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. சிலருக்குக் கோபமாக வரும். சிலருக்கு எதுவுமே உறைக்காது. மடியில் கிடக்கும் குழந்தையை யாரோ பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிடக் கொடுமை, அப்படிப் பார்க்கிறோமே என்று தங்களையே வெறுப்பது.

'எங்க காலத்துல எட்டுப் பிள்ளை பெத்தோம், இதெல்லாம் எங்களுக்கு வந்துச்சா? படிச்ச பிள்ளைகளுக்கு வர்ற சீமை வியாதி' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்தத் துறையில் இன்று உலகமெங்கும் புழங்கும் கேள்வித்தாளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜான் காக்ஸ் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். அதற்கு முன்பு அவர் எங்கே ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? ஆப்பிரிக்காவின் உகாண்டாவில், பெரும்பாலும் விவசாயத்தை நம்பியிருந்த பகுதியில், 263 பெண்களிடம். அங்கேயும் பேறுகாலச் சோர்வு இருந்தது. நம் பாட்டிமார்களுக்கும் வந்திருக்கும். அன்றைக்கு அதற்குக் காத்துக்கருப்பு என்று பெயர் வைத்திருப்பார்கள், வேப்பிலை அடித்திருப்பார்கள்.

கணியம்பாடிப் பெண்கள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது? வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைத் தேடிப் போனார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களிடம் பேசினார்கள். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள், அவர்களில் 301 பேரை மறுபடி சந்தித்தார்கள். 2002-இல் வெளியான முடிவுப்படி, பிரசவத்துக்குப் பிறகு புதிதாகச் சோர்வில் விழுந்தவர்கள் 11 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர். கர்ப்பத்திலேயே சோர்வு தொடங்கிவிட்டவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 2017-இல் வெளியான ஒரு கணக்கு, 22 சதவீதம் என்றது.

கணியம்பாடியில் யாருக்கு வந்தது என்பதுதான் எனக்கு இந்த விகிதங்களைவிட முக்கியமாகப் படுகிறது. வருமானம் குறைந்தவர்கள். கர்ப்ப காலத்தில் வீட்டில் சாவோ வேறு கஷ்டமோ நேர்ந்தவர்கள். ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பெற்றவர்கள். மாமியாரோடு ஒத்துப்போகாதவர்கள், கூடவே, பெற்றவர்களோடு ஒத்துப்போகாதவர்கள். கை வேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்கள்.

பெண் குழந்தை விஷயம் தேனிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நீட்டிக்கப்பட்ட மாவட்டங்களில் தேனியும் ஒன்று. காலம் மாறிவிட்டது, பெண் பிள்ளைக்கும் இப்போது மண்டபம் பிடித்துக் காதுகுத்து நடக்கிறது. ஆனாலும் பிரசவ வார்டு வாசலில் "என்ன பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் ஒரு நொடி தாமதித்து, "சரி, மகாலட்சுமி வந்திருக்கா" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே படுத்திருப்பவளுக்கு அந்த ஒரு நொடி கேட்கும்.

கடைசியாகச் சொன்ன 'ஒத்தாசை இல்லாதவர்கள்' என்பதைத்தான் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

விடியுமுன் கிளம்பும் ஜீப்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். இதைப் பழைமை என்று ஒதுக்க முடியாது. பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி வேலையிலிருந்து விலக்கி, வெந்நீர் ஊற்றி, வயிற்றைக் கட்டி, பூண்டும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து, காய மருந்து கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு கிழவியையும் ஏற்பாடு செய்த முறை அது. ஒரு மாதத்துக்கு இரண்டு மூன்று பெண்களின் உழைப்பை ஒரு தாய்க்கு ஒதுக்கி வைத்தது. அதில் பிழைகளும் உண்டு. வயிறு ஊதிவிடும் என்று தண்ணீரைக் குறைப்பது பாலூட்டுகிறவளுக்கு நல்லதே அல்ல. ஆனால் கூடமாட ஆள் வேண்டும் என்ற அடிப்படை சரியானது.

தாய் வீட்டில் தாய் இருப்பார் என்பதை நம்பித்தான் இந்த முறை நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அவர் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகளிலும் ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்துக்கு ஏறுகின்றன. கீழே திராட்சைத் தோட்டம், வாழை, நெல் வயல். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது என்றால் அவள் அம்மாவுக்கு நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அந்த வீட்டில் நன்றாகச் சம்பாதிக்கிற ஆளே அவர்தான். ஒரு வாரம், பத்து நாள் வேலைக்குப் போகாமல் இருப்பார். அதற்குமேல் குழுக் கடன் தவணை காத்திருக்காது. தோட்டத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

ஆகவே காலை ஐந்து மணியிலிருந்து சாயங்காலம் வரை, சிசேரியன் தையலோடு ஒரு பெண்ணும் பிறந்து இருபதே நாளான குழந்தையும் தனியாக இருக்கிறார்கள். (தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு.) சாயங்காலம் திரும்பும் அம்மாவும் மலை இறங்கி, உடம்பு நொந்து வருகிறார். ராத்திரி அவரை எழுப்ப மகளுக்கு மனசு வராது. ஊர்ப் பார்வைக்கு அவள் தாய் வீட்டில் சொகுசாக இருக்கிறாள்.

45 நாள் ஊசி

இனி ஒரு பெண்ணை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். இவள் கற்பனைப் பெண்; பெயர் வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. தாய் வீடு காமயகவுண்டன்பட்டி. பெண் குழந்தை, சிசேரியன். அம்மா கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்.

ஒரு புதன்கிழமை. ஆறு வாரக் குழந்தைக்குப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்காக, ஊர் வழக்கில் 45 நாள் ஊசிக்காக, துணை சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறாள். நர்சம்மா குழந்தையை எடை பார்க்கிறார். பால் நன்றாகக் குடிக்கிறதா, ஒண்ணுக்கு எத்தனை தடவை போகிறது என்று கேட்கிறார். காய்ச்சல் வந்தால் எவ்வளவு மருந்து என்று சொல்லிக்கொடுக்கிறார். "நீ நல்லாயிருக்கியாம்மா?" "நல்லாயிருக்கேன் நர்சம்மா." அத்தோடு முடிந்தது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதே குடும்பநல ஆய்வு 99.6 சதவீதம் என்கிறது. ஆனால் பிரசவ வார்டில் இருக்கும் நாட்களில் இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டியிருக்காது. அது முற்றுகிற வாரங்களில் தாய் மருத்துவத்தின் கண்ணில் படுவது, குழந்தைக்கு ஊசி போட வரும்போது மட்டும்தான்.

அந்த நர்சம்மா கையில் எடின்பரோ கேள்வித்தாள் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜான் காக்ஸும் கூட்டாளிகளும் 1987-இல் வெளியிட்டது இது. மொத்தம் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கடந்த ஏழு நாளை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். சோர்வாக இருக்கிறதா, பசி இருக்கிறதா, உடம்பு வலிக்கிறதா என்ற வழக்கமான கேள்விகள் இதில் இல்லை. பிள்ளை பெற்ற எவளைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வாள் என்பதால் வேண்டுமென்றே அவற்றை விட்டுவிட்டார்கள். உடம்பை ஒதுக்கி வைத்துவிட்டு மனத்தை மட்டும் தொடும் கேள்விகள்.

சிரிக்க முடிகிறதா? முன்னைப்போல இல்லை என்கிறாள்: 1. நாளைக்கு என்று எதையாவது ஆசையாக எதிர்பார்க்கிறாயா? "என்னத்த எதிர்பார்க்க" என்கிறாள்: 2. தப்பு நடந்தால் காரணமில்லாமல் உன்னையே திட்டிக்கொள்கிறாயா? குழந்தைக்கு வயிற்று வலி வந்தது தான் எதையோ தின்றதால்தான் என்று நான்கு நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது: 2. காரணமில்லாத கவலை? 2. திடீர்ப் பயம், நெஞ்சு படபடப்பு? எப்போதாவது: 1. வேலைகள் மலைபோலக் குவிந்து அமுக்குகின்றனவா? இந்தக் கேள்விக்கு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2.

ஏழாவது கேள்வி தூக்கத்தைப் பற்றியது. கைக்குழந்தைக்காரி தூங்குவதில்லை என்பது தெரிந்ததுதானே? கேள்வி அதுவல்ல. மனவேதனையால் தூக்கம் வராமல் இருக்கிறதா என்பதே கேள்வி. நர்சம்மா இதை நம் வழக்கில் கேட்கிறார்: "பாப்பா தூங்குறப்பவாச்சும் ஒனக்குக் கண்ணு அசருதா?" இல்லை, குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன் என்கிறாள். வாரத்தில் ஒரு சில நாள் அப்படி: 1. துக்கமாக இருக்கிறதா? 2. அழுகிறாயா? ஜீப் போன பிறகு சில நாள்: 1. செத்துப்போய்விடலாம் என்று நினைப்பு வந்ததா? இல்லை: 0.

கூட்டினால் 14. ஆங்கில மூலத்தில் 13-ஐத் தொட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வேலூரில் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-இல் வெளியிட்டவர்கள், தமிழ்ப் பெண்களுக்கு 9-லேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று கண்டார்கள். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் இவளுக்கு உதவி தேவை. கடைசிக் கேள்விக்கு 0 தவிர வேறெந்தப் பதில் வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்கவே கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேட்டு முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். 'நல்லாயிருக்கேன்' என்று சொன்ன அதே பெண்தான் 14 வாங்கியவளும்.

அரிவாள்மனையை ஒளித்து வைப்பவள்

இந்தப் பெண் கேள்வித்தாளில் இல்லாத ஒன்றையும் மறைத்து வைத்திருக்கலாம். கிணற்றைத் தாண்டும்போது குழந்தை கைநழுவி விழுவதுபோல ஒரு காட்சி மனத்தில் வந்து போகிறது. அரிவாள்மனையைப் பார்த்தால் உடம்பு நடுங்குகிறது. அதைப் பரணில் போடச் சொல்லி அம்மாவிடம் கேட்கிறாள், ஏன் என்று மட்டும் சொல்வதில்லை. நான் ஒரு பேய் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

குழந்தைக்கு ஏதோ ஆகிவிடுவதுபோன்ற காட்சிகள் புதிய தாய்மார்களில் மிகப் பலருக்கு வருபவைதான், தகப்பன்மாருக்கும் வரும். அதைக் கண்டு பதறுவதும், அரிவாள்மனையை ஒளிப்பதும் அவள் குழந்தையைக் காப்பாற்ற நினைப்பதைத்தான் காட்டுகின்றன. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து அவள் வாயை மூடிக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

முற்றிலும் வேறான நிலை ஒன்று உண்டு. ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்கத் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், காதில் குரல் கேட்கிறது என்பாள். இது தன் குழந்தையே இல்லை என்று உறுதியாக நம்புவாள். அவளுக்குப் பதற்றம் இருக்காது, நம்பிக்கை இருக்கும். அதுதான் வித்தியாசம். பழைய ஆட்கள் பிரசவ ஜன்னி என்று சொன்னதில் இதுவும் கலந்திருக்கிறது. கோடாங்கியிடம் போய்ப் பொழுதைக் கழிக்கிற நேரம் இல்லை இது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோக வேண்டும். முறையாகப் பார்த்தால் நன்றாகக் குணமாகும் நோய். தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவை பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2009-இல் தொடங்கியது.

ராத்திரி யாருடைய முறை?

பேறுகாலச் சோர்வில் இருக்கும் பெண்ணிடம் "உடம்பைப் பாத்துக்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்தக் கையால்? ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் துணி. 2015 முதல் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்குக் கொசுவலை முதல் கிலுகிலுப்பை வரை இருந்தன. தாய்க்கு ஒரு சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். லேகியம் நல்லதுதான். தூக்கத்தைப் பெட்டகத்தில் வைத்துக் கொடுக்க முடியாது.

தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம், அதுவும் ராத்திரியில், தாய்க்கு வேண்டும். துண்டு துண்டாக எட்டு மணி நேரம் தூங்கினாலும் அதற்கு ஈடாகாது. பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் படுத்தால், அடுத்த பசி வரும்வரை குழந்தை வேறொருவர் பக்கத்தில் கிடக்கலாம். பசித்து அழும்போது கொண்டுவந்து பால் கொடுக்க வைத்து, ஏப்பம் எடுக்கவும் துணி மாற்றவும் அவரே தூக்கிக்கொண்டு போகலாம். பீய்ச்சி வைத்த பாலைக் கிண்ணத்திலிருந்து புகட்டினால் இன்னும் நீளமாகத் தூங்கலாம். அந்த வேறொருவர் கணவராக இருந்தால் என்ன குறைந்துவிடும்? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வரும் விருந்தாளியாகத் தகப்பனை ஆக்கி வைத்திருப்பது நம் முறையில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டை.

சோர்வு என்று சொல்வதற்கு முன் ரத்தத்தையும் சோதித்துவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு தைராய்டு சுரப்பி கெட்டுப்போய், அதுவும் பார்வைக்கு மனச்சோர்வு போலவே இருக்கும். கர்ப்பத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் ஒதுக்கத் தேவையில்லை. தாகம் தீரத் தண்ணீர் குடிக்க வேண்டும். தையல் ஆறியதும் சாயங்காலம் தெருமுனை வரை நடந்து வந்தால் நல்லது. தீட்டு கழியவில்லை என்று தடுப்பவர்களை நர்சம்மா சொன்னதாகச் சொல்லிச் சமாளிக்கலாம்.

இதெல்லாம் லேசான சோர்வுக்குப் போதும். 14 வாங்கியவளுக்கு இதோடு சிகிச்சையும் வேண்டும். செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பாலூட்டிக்கொண்டே சாப்பிடலாமா என்பதை மனநல மருத்துவர் சொல்வார். முன்பு பார்த்த அமைதிப்பொருளையே மருந்தாக்கி 60 மணி நேரம் நரம்பில் ஏற்றும் சிகிச்சையை அமெரிக்கா 2019-இல் அனுமதித்தது. 2023-இல் 14 நாள் விழுங்கும் மாத்திரை ஒன்றும் வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

ராவல்பிண்டியில் ஒரு சாமர்த்தியம்

மருந்தே இல்லாமல், பேச்சால் மட்டும் இதைக் குணமாக்க முடியுமா? பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மருத்துவரின் குழு முயன்று பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டது. சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள். மனநல மருத்துவர்களை அனுப்பவில்லை; நம் கிராம சுகாதார செவிலியரைப் போல வீடு வீடாகப் போகும் பெண் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்வரை 16 முறை அவர்கள் வீட்டுக்குப் போய், பெண்ணின் மனத்தில் ஓடும் தவறான எண்ணங்களை அவளோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள்.

அவர்கள் செய்த சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'உங்கள் மருமகளுக்கு மனநோய், பேச வந்திருக்கிறோம்' என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை. 'குழந்தை நன்றாக வளரத் தாய் எப்படி இருக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறோம்' என்றார்கள். பேரப்பிள்ளை என்றதும் மாமியார்கள் பாய் விரித்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது பார்த்தால், இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு மிச்சமிருந்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு. பிறகு கோவாவில் அக்கம்பக்கத்துப் பெண்களையே பயிற்றுவித்து இதே முறையைச் செய்தார்கள். அங்கும் ஓரளவு பலன் கிடைத்தது.

காமயகவுண்டன்பட்டியில் இதைச் செய்ய என்ன தடை? செவிலியர் இருக்கிறார், புதன்கிழமை இருக்கிறது, கேள்வித்தாள் தமிழிலேயே இருக்கிறது. செவிலியருக்கு நேரம் இல்லை என்பது உண்மைதான். ஊசி, எடை, கணினிப் பதிவு என்று அவருடைய புதன்கிழமை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அதைக் குறைக்காமல் இன்னொரு தாளை அவர் கையில் திணித்தால், எல்லாருக்கும் பூஜ்யம் போட்டு அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கூலிக் கணக்கு

ஒருமுறை பேறுகாலச் சோர்வு வந்தவளுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே கற்பனைப் பெண்ணின் இரண்டாம் கர்ப்பத்தை இப்போதே யோசிக்கலாம். ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: அந்த ஆறு வாரம் ஜீப்பில் ஏறாமல் வீட்டில் இருப்பது யார்?

அம்மா இருப்பதானால் கூலி போகும். நாளுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஆறு நாள், ஆறு வாரத்துக்கு 14,400 ரூபாய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைத் தாய்மார்களுக்கு அரசு தரும் 18,000 ரூபாயில் ரொக்கம் மட்டும் 14,000. மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. இரண்டு தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அரசுப் பணம் கர்ப்பத்தில் கொஞ்சம், பிள்ளை வளர்ந்த பிறகு கொஞ்சம் என்று தவணை தவணையாக வருவது. அம்மா கூலியை விட்டுவிட்டு உட்காரும் அந்த ஆறு வாரத்தில் கையில் இருக்காது.

காதுகுத்துக்கும் சடங்குக்கும் மகளிர் குழுவில் கடன் எடுக்கிறோம். மொய் வரும் என்ற நம்பிக்கையில் சமையல்காரருக்கும் பந்தலுக்கும் முன்பணம் கொடுக்கிறோம். மகள் பிரசவத்துக்கு அம்மாவின் ஆறு வாரக் கூலியைக் கடனாகத் தாருங்கள், அரசுத் தவணை வந்ததும் கட்டிவிடுகிறோம் என்று எந்தக் குழுக் கூட்டத்திலாவது யாராவது கேட்டால், தலைவி முதலில் சிரிப்பார். பிறகு, அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாராவது ஒருத்தி தன் 45-ஆம் நாளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள்.